மிளகு போன இரண்டு வழிகள்

மலபார் மிளகு ஐரோப்பாவுக்குப் போன பழைய வழி செங்கடல் ஏறி, அலெக்சாந்திரியாவில் கைமாறி, வெனிஸ் சேர்வது. 1500 டிசம்பரில் போர்ச்சுகீசியத் தளபதி கப்ரால் கொச்சியில் மிளகு ஏற்றியதிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் வழியும் சேர்ந்துகொண்டது. புது வழி பழையதைக் கொன்றது என்றே பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் செங்கடல் மிளகு மீண்டும் தலையெடுத்தது. இரண்டும் பல பத்தாண்டுகள் அருகருகே ஓடின. கொச்சியில் கரையேறிய இணையக் கடல்வடங்களும் இதே தடங்களைப் பிடித்தன. சீ-மீ-வீ 3 எகிப்து வழியாக ஐரோப்பா போனது. 2002இல் வந்த சேஃப் வடம் மொரிஷியஸ், ரீயூனியன் தொட்டுத் தென்னாப்பிரிக்கா சேர்ந்தது. அங்கிருந்து இன்னொரு வடம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோடு போர்ச்சுகல்வரை. வாஸ்கோ ட காமாவின் பாதைதான், தலைகீழாக!

இரண்டாவது இணைப்பின் மதிப்பு வேகத்தில் இல்லை, வேறு வழியாகப் போவதில் இருக்கிறது என்பதற்கு 2008 போதுமான சாட்சி. ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃப்ளாக் ஆகிய இரண்டு வடங்களும் அறுந்து இந்தியாவின் இணையம் தள்ளாடியது. அப்போது தப்பிய சீ-மீ-வீ 3, டிசம்பர் 19 அன்று அவற்றோடு சேர்ந்தே அறுந்தது. பெயர் மூன்று, பாதை ஒன்று. வீட்டு லினக்ஸ் கணினிக்கும் இதே கணக்குதான். 1999 ஜனவரியில் வந்த 2.2 கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்), ஒரே கணினியில் பல வழி அட்டவணைகளை வைக்க இடம் கொடுத்தது. இரண்டு இணைய நிறுவனங்களின் இணைப்புகளையும் சேர்த்து, இதற்கு மூன்று பங்கு, அதற்கு ஒரு பங்கு என்று எடை போடலாம். ஆனால் பங்கீடு தொடர்புவாரியாக நடப்பதால், ஒற்றைக் கோப்பு முழுவதும் ஏதோ ஒரு கம்பியில்தான் இறங்கும். அதன் வேகம் இரட்டிப்பாகாது. தனித்தனி அட்டவணை எதற்கு என்றால், ஒரு நிறுவனம் தந்த முகவரியோடு மற்றதன் கம்பியில் புறப்படும் பொட்டலத்தை அந்த மற்ற நிறுவனம் பெரும்பாலும் எறிந்துவிடும்.

ஃபைபர் ஒன்றே தாராளமாக இருக்க இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். அறுந்த நாளில் தாராளம் எதற்கும் உதவாது. இரண்டாவது வழி குறுகலாயிற்றே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். முனையைச் சுற்றிய கப்பல் போய்த் திரும்ப ஒன்றரை ஆண்டு பிடித்தது. சேஃப் வடமும் எகிப்து வழியின் முழுச் சுமையைத் தாங்கக்கூடியதல்ல. ஆனாலும் அவசரக் கடிதத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் குறுகல் போதும். எனக்குப் பெரிதாகப் படுகிற குறை வேறு. மோடம்வரை கம்பி உயிரோடு இருந்தால், அதற்கப்பால் அறுந்திருந்தாலும் கெர்னலுக்குத் தெரியாது. செத்த வழியிலும் அதன் பங்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள முகவரி ஒன்றைச் சில விநாடிக்கொருமுறை பிங் செய்து, பதில் வராத வழியை அட்டவணையிலிருந்து எடுக்கும் சிறு நிரலை நாமே வைக்கவேண்டும். இரண்டு கம்பிகளும் தெருமுனையில் ஒரே மின்கம்பத்தில் தொங்கினால், அந்த நிரலுக்கும் எடுத்துக் கொடுக்க வழி இருக்காது.