லயத்து வாசலோடு நின்றுவிட்ட அரசாங்கப் பணம்

2025 நவம்பரில் இலங்கையின் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டபோது, பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்தவும், அதற்கு மேல் வருகைக்கான ஊக்கத்தொகையாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே வழங்கவும் முன்மொழியப்பட்டது. சம்பள உயர்வைப் பற்றி அதிகம் பேசாதவர்கள்கூட அந்த 200 ரூபாவைப் பற்றிப் பேசினார்கள். தனியார் கம்பனியில் வேலை செய்பவருக்கு நாட்டு மக்களின் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. இருநூறு ஆண்டுகள் ஆகியும் தோட்டத்து மக்கள் கையேந்தத்தான் வேண்டுமா, சொந்தக் காலில் நிற்பது எப்போது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்களில் பதுளையிலும் பண்டாரவளையிலும் கடை வைத்திருக்கும் தமிழர்களும், தோட்டப் பாடசாலையில் படித்து வெளியேறி உத்தியோகம் பெற்றவர்களும் உண்டு.

முதற் கேள்வியைப் பொருளாதாரம் படித்தவர்களுக்கு விட்டுவிடலாம். இரண்டாவது கேள்விக்கான பதில் ஊவாவின் வரலாற்றில் இருக்கிறது. அரசாங்கப் பணம் ஊவா மலைகளுக்கு ஏறாமல் இருந்த காலமே இல்லை. அது யாருக்காக ஏறியது, எந்த இடத்தில் நின்றது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

கோப்பிக் காலத்தில் தோட்டங்களுக்குச் செல்லும் கிளை வீதிகளை அமைக்கத் துரைமார் ஒரு பங்கும் அரசாங்கம் ஒரு பங்கும் போட்டன. பிறகு புகையிரதம் வந்தது. 1885இல் நானுஓயா வரை வந்த பாதை, 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் நீண்டு, 1924இல் பதுளையில் முடிந்தது. இன்று உலகெங்கிலுமிருந்து வந்து படம் பிடித்துச் செல்கிறார்களே, தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், அது 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளைத் தாண்டி, இத்தனை செலவில் அந்தப் பாதையைப் போட்டது பொதுப்பணம். 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய பின் உலகச் சந்தைக்குப் போன ஊவாத் தேயிலை, அந்தப் பாதையில்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. அரசாங்கம் தனியார் கம்பனிகளுக்குச் செலவழிக்கலாமா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீதியும் புகையிரதமும் தேயிலைத் தொழிற்சாலை வரை வந்தன. லயத்துக்கு வரவில்லை. லயத்துக் காம்பிராவும், பீலித் தண்ணீரும், பிள்ளைக் காம்பிராவும், மருந்தும், பாடசாலையும் துரையின் பொறுப்பு என்று சட்டங்கள் எழுதப்பட்டன. துரை செய்தால் உண்டு, செய்யாவிட்டால் இல்லை. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்தின் எல்லைக்கல் ஒரு நாட்டின் எல்லை போல இருந்தது.

உள்ளூராட்சியிலும் இதே கதைதான். கிராமச் சங்கங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிய சட்டம் 1930களின் இறுதியில் திருத்தப்பட்டபோது, உள்ளூராட்சி அமைச்சராக எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க இருந்தார். இந்தியத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று முதலில் வெளிப்படையாக எழுதப்பட்டது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதன்பின் தோட்டத்தில் வதியும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று வாசகம் மாற்றப்பட்டது. சொல் மாறியது; வெளியே நின்றவர்கள் அதே மக்கள். கிராமத்துப் பாலத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு செலவழிப்பது என்று பேசும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

அந்தக் காலத்தில்தான் பதுளைக்கு அருகில் ஒரு சம்பவம் நடந்தது. சொந்தக் காலில் நிற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் அறிய வேண்டியது அது. 1940இன் தொடக்கத்தில் மத்திய மலைநாட்டில் கிளம்பிய வேலைநிறுத்த அலை, தெற்கே பரவி ஊவாவை அடைந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையிலான தொழிற்சங்கம் முன்னின்றது. மே 12ஆம் திகதி பதுளையில் கலாநிதி என். எம். பெரேரா பெருங்கூட்டம் ஒன்றில் பேசினார். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டக் காரியங்களை அந்தச் சபையுடன் கலந்து பேசி நடத்துவதாகத் துரையும் ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்துடன் வந்த பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டார்கள்.

அது நீடிக்கவில்லை. பெருவெள்ளத்தால் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த வேளையில், பொலிஸ் அடக்குமுறை அந்த இயக்கத்தை முறியடித்தது. கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் என்று சட்டம் ஒதுக்கிய அதே மக்கள், இரண்டொரு ஆண்டுக்குள் தாமாக ஒரு தேர்தலை நடத்தி, ஒரு சபையை அமைத்து, நிர்வாகத்தை மேசைக்கு வரவழைத்தார்கள் என்பது மட்டும் வரலாற்றில் நிற்கிறது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். பதுளையின் பிரதிநிதியாகச் சென்ற எஸ். எம். சுப்பையாவும் அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. குடியுரிமை போயிற்று, வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியவர்களின் கதை முடிய 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தேவைப்பட்டன. வாக்கில்லாத மக்களுக்கு எந்த அரசியல்வாதி வீதி போடுவான்? நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத்தைச் சூழ்ந்திருந்த சிங்களக் கிராமங்களும் செழிப்பாக இருக்கவில்லை. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் அவர்களுடைய சேனைக் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் விழுங்கியது. மத்திய, ஊவா மாகாணங்களின் கண்டி விவசாயிகளுடைய நிலையை ஆராய்ந்த ஆணைக்குழு 1951இல் தன் அறிக்கையைத் தந்தது. அந்த வறுமை உண்மையானது. ஆனால் கிராமத்து வறுமையை ஆராய ஓர் ஆணைக்குழுவும், அதைத் தொடர்ந்து திட்டங்களும் வந்தன. வேலிக்கு இந்தப் பக்கத்து வறுமை கம்பனியின் கணக்கில் எழுதப்பட்டது. இரு பக்கத்து ஏழைகளும் ஒருவரையொருவர் சலுகை பெற்றவராகப் பார்க்கும் மனப்பான்மை இப்படித்தான் வளர்ந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலமும் அரசாங்கத்தினது, முதலாளியும் அரசாங்கம் என்றான பிறகாவது தோட்டம் ஊராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. இடையே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, சபை பொது வசதிகள் செய்து கொடுப்பதைப் பற்றியது. தோட்டக் குடியிருப்புகள் அதற்குள் அடங்கா என்றே அந்தப் பிரிவுக்குப் பொருள் கொள்ளப்பட்டது. தோட்டத்து வீதி தனியார் வீதி. சபை அதில் ஒரு கூடை கல் கொட்டினாலும் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார்.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். குடியுரிமை பெற்ற தோட்டத்து மக்கள் பசறையிலும் ஹாலிஎலையிலும் அப்புத்தளையிலும் வாக்களித்துத் தங்கள் உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பினார்கள். பெருநிலங்களிடமிருந்து ஏக்கர் வரி வாங்க அந்தச் சபைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருந்தது. சீனி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் தோட்டத் தொழிலாளி மற்றவர்களைப் போலவே மறைமுக வரி கட்டினான். ஆனால் தன் லயத்துக்கு முன்னால் உடைந்த மதகைத் திருத்தித் தரும்படி தன் உறுப்பினரிடம் கேட்டால், சட்டம் இடம் தராது என்ற பதில் வந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய 18 வீதத்தினர் இந்திய வம்சாவளித் தமிழர். அவர்களில் தோட்டங்களில் வாழ்ந்தோரின் நிலை இதுதான்.

அப்படியானால் லயத்தில் காரியங்கள் நடந்தது எப்படி? கோயில் கட்டுவதும் திருவிழா நடத்துவதும் சம்பளத்தில் பிடித்த பணத்தில். தொழிற்சங்கம் இயங்குவது செக்ரோலில் பிடிக்கும் சந்தாவில். ஒருவர் இறந்தால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் மரண சகாய சங்கம். மழைக்குக் கரைந்த பாதையில் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்குபவர்கள் அந்த டிவிசன் இளைஞர்கள். தலைமுறை தலைமுறையாக எல்லாவற்றையும் தன் கையிலிருந்தே போட்டு நடத்திய ஒரு சமூகத்துக்குச் சுயசார்பைப் பற்றிப் பாடம் எடுப்பது விந்தையானது. அவர்கள் மேல் சுயசார்பு திணிக்கப்பட்டது என்பதே சரியாக இருக்கும்.

ஆனால் மண்வெட்டியாலும் சந்தாவாலும் செய்ய முடியாத காரியங்கள் உண்டு. மலைச்சரிவிலிருந்து ஒரு குடியிருப்பையே பெயர்த்து வேறிடத்தில் வைப்பது அவற்றில் ஒன்று. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை அபாயமான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களை அகற்ற வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அகற்றுவது யார்? நிலம் கம்பனியின் குத்தகை. வீடு கம்பனியின் லயம். சபைக்கு அதிகாரமில்லை. தொழிலாளிக்கு வேறு காணி இல்லை. 2014 செப்டம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் பெரிய தலைவர்களை இறக்கித் தோட்டந்தோட்டமாக வாக்குக் கேட்ட தேர்தல் அது. அடுத்த மாதம் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி வந்து மீரியபெத்தை லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். வீட்டிலிருந்தவர்களில் பலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

உயிர் தப்பியவர்களுக்காகப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன. 2005இலோ 2011இலோ அந்த வீடுகளைக் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும்; மக்களும் இருந்திருப்பார்கள். அரசாங்கச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தியது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு இருந்த தடை நீங்கியது. அதே ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை உருவானது. தொழிலாளருக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது கொள்கையாகி, இந்திய உதவியுடனும் வீடுகள் எழுந்தன. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் தெரிவாகி, நாடாளுமன்றம் சென்ற முதல் மலையகத் தமிழ்ப் பெண்களில் ஒருவரானார். இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆனாலும் சட்டம் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. மதகு உடைந்தால் முதலில் துரையிடமும், பிறகு தொழிற்சங்கத் தலைவரிடமும், கடைசியில் அமைச்சரிடமும் போவது மூன்று தலைமுறைப் பழக்கம். பிரதேச சபைக்கு எழுதுவது பலருக்கு இன்னும் தோன்றுவதில்லை. சபைகளுக்கும் தங்கள் பாதீட்டில் தோட்டத்துக்கு ஒரு வரி சேர்ப்பது இன்னும் தானம் செய்வது போலத் தோன்றுகிறது. பத்திரிகைகளும் சம்பளப் பிரச்சினையையும் மண்சரிவையும் முதற்பக்கத்தில் போடும். பசறைப் பிரதேச சபையின் வரவு செலவை எந்தப் பக்கத்திலும் போடாது. 2014இல் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதற்குப் பின் நாட்டில் எங்கும் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மக்களுக்கு மிக அருகில், அவர்களே தேர்ந்தெடுத்த அமைப்பாக இருப்பது 2025 மே மாதம் தெரிவான உள்ளூராட்சிச் சபைகள்தான். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது பதுளை மாவட்டமும் பெரும் மண்சரிவுகளைக் கண்டது. எந்தச் சரிவில் எத்தனை லயங்கள் இருக்கின்றன என்ற பட்டியல், அந்தச் சபையின் மேசையில் மழைக்கு முன் இருக்க வேண்டியது.

200 ரூபா ஊக்கத்தொகை நல்லதா கெட்டதா என்ற விவாதம் நடக்கட்டும். அதை ஒரு சமூகத்தின் தன்மானத்தை அளக்கும் கோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுயசார்பு என்பது அரசாங்கத்திடம் ஒன்றும் கேட்காமல் இருப்பதென்றால், தோட்டத்து மக்கள் அதை வேண்டிய அளவுக்கு மேலேயே அனுபவித்துவிட்டார்கள். தாமும் கட்டிய வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டு, சபையில் உட்கார்ந்து அதைப் பங்கிடுவதும் சுயசார்புதான். 1940இல் வெவெஸ்ஸவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சபையிடம் சட்டமும் நிதியும் இருக்கவில்லை, துணிவு இருந்தது. இன்று சட்டம் இருக்கிறது, குறைந்த அளவிலாவது நிதியும் இருக்கிறது. அடுத்த பாதீட்டுக் கூட்டம் எப்போது என்று தங்கள் பிரதேச சபையிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதுவதற்கு, அந்தத் துணிவில் கால்வாசி போதும்.