இரண்டாவது விருப்பு வாக்கு

மெல்பேர்னின் வடக்குப் புறநகர் ஒன்றில் இருக்கிறது எங்கள் பங்குக் கோவில். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் ஊற்றித் தருபவர் ஐரிஷ் வழிவந்த ஒரு முதியவர். ஒரு தேர்தல் காலத்தில் அவரிடம் விளையாட்டாகக் கேட்டேன்: "இங்கே கத்தோலிக்கர் எந்தக் கட்சி?" அவர் சிரிக்கவில்லை. "1955க்குப் பிறகு என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வாங்கில் இருந்து பூசை காணவில்லை" என்றார். அந்த வசனம்தான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

அவுஸ்திரேலியாவுக்கு வந்த ஐரிஷ் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். தொழிற்சங்கம் வழியாகத் தொழிற்கட்சிக்குள் போனார்கள். முதலாம் உலகப் போரின்போது, கட்டாய இராணுவ சேவை பற்றி 1916இலும் 1917இலும் நடந்த வாக்கெடுப்புகள் அந்தப் பிணைப்பை இறுக்கின. மெல்பேர்னின் டானியல் மானிக்ஸ் ஆண்டகை கட்டாய சேவையைப் பகிரங்கமாக எதிர்த்தார். அதைக் கொண்டுவர முயன்ற பிரதமர் பில்லி ஹியூஸ் தொழிற்கட்சியை விட்டு வெளியேறினார். எதிர்த்தரப்புக் கட்சிகளோ பெரும்பாலும் புரட்டஸ்தாந்தரின் கையில் இருந்தன. அதன்பின் பல கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தோடு கட்சியும் கிடைத்தது.

அந்தப் பிணைப்பைக் குலைத்தது கொம்யூனிச அச்சம். பிரன்ஸ்விக்கில் பழக்கடை வைத்திருந்த இத்தாலியக் குடியேறி ஒருவரின் மகன் பி. ஏ. சாந்தமரியா. இவர் 1941இல், மானிக்ஸின் ஆசியோடு, பின்னாளில் 'இயக்கம்' என்றே அழைக்கப்பட்ட ஓர் அமைப்பைத் தொடங்கினார். பங்குகளில் ஆள் திரட்டி, தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு அனுப்பி, கொம்யூனிஸ்டுகளை வாக்கால் வெளியேற்றுவதே வேலை. பல சங்கங்களில் வென்றார்கள். ஆனால் வேலை இரகசியமாக நடந்தது. கட்சிக்குள் இன்னொரு கட்சி வளர்கிறது என்று மற்றவர்கள் சந்தேகித்தார்கள்.

1954 ஒக்டோபர் 5ஆம் திகதி கட்சித் தலைவர் எவற் அவர்களைப் பகிரங்கமாகச் சாடினார். 1955 மார்ச்சில் ஹோபார்ட் மாநாட்டில் கட்சி உடைந்தது. விக்டோரியாவின் தொழிற்கட்சி அரசு அதே ஆண்டு கவிழ்ந்தது. மறுபடி அங்கே ஆட்சிக்கு வர 1982வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிந்துபோன ஏழு கூட்டாட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்த டிசம்பர் தேர்தலில் தப்பவில்லை.

முதியவரின் சித்தப்பா பிரிந்தவர்களோடு போனார். துறைமுகத் தொழிலாளியான அப்பா கட்சியிலேயே நின்றார். இருவருக்கும் அதே மந்திரங்கள், அதே நற்கருணை.

சிட்னியிலோ கதை வேறு. கர்தினால் கில்றோய் உடைவை ஆதரிக்கவில்லை. கத்தோலிக்கர் கட்சிக்குள்ளேயே நின்றார்கள். நியூ சவுத் வேல்ஸில் தொழிற்கட்சி ஆட்சி 1965வரை நீடித்தது. ஒரே நாட்டில், ஒரே திருச்சபையில், இரண்டு நகரங்கள் இரண்டு வழியில் போயின. 'கத்தோலிக்க வாக்கு' என்ற ஒன்றைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இப்போது இது நினைவுக்கு வருகிறது.

பிரிந்தவர்களின் கட்சி 1957இல் சனநாயகத் தொழிற்கட்சி என்ற பெயரை எடுத்தது. அது பெரிதாக வெல்லவில்லை. அதன் பலம் விருப்பு வாக்கில் இருந்தது. வாக்குச்சீட்டில் 1ஐத் தன் கட்சிக்கும், அடுத்த விருப்பைத் தொழிற்கட்சிக்கு முன்னால் லிபரலுக்கும் போடச் சொன்னது. 1961 தேர்தலில் தொழிற்கட்சி மயிரிழையில் தோற்றது இந்த வாக்குகளால்தான். அப்போது அதன் தலைவர் ஆதர் கல்வெல்லும் ஒரு மெல்பேர்ன் கத்தோலிக்கர். மத்தியில் அக்கட்சி 1972வரை எதிர்க்கட்சிதான்.

நேராக லிபரலுக்கு 1 போடுவது சித்தப்பா போன்றவர்களுக்கு முடியாத காரியம். தந்தையரைக் காட்டிக்கொடுப்பது போலிருந்திருக்கும். 'தொழிற்கட்சி' என்ற பெயர் புதிய சீட்டிலும் இருந்ததால் மனச்சாட்சி பொறுத்துக்கொண்டது. இதற்கிடையில், 1963இல் பிரதமர் மென்சீஸ் தனியார் பாடசாலைகளின் விஞ்ஞான ஆய்வுகூடங்களுக்கும் அரச நிதி தருவதாக வாக்களித்தார். அதை வாசித்தபோது ஊர் ஞாபகம் வந்தது. 1960இல் இலங்கை அரசு உதவிபெறும் பாடசாலைகளைச் சுவீகரித்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளில் படுத்துக் காவலிருந்த கதையைச் சொல்லி வளர்த்தார்கள் எங்களை. பாடசாலையில் கைவைப்பவரை அந்தச் சனம் மன்னிக்காது, உதவுபவரை மறக்காது.

1974இல் சனநாயகத் தொழிற்கட்சி தன் செனற் ஆசனங்கள் அனைத்தையும் இழந்தது. சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் கூச்சமில்லாமல் லிபரலுக்கு 1 போட்டார்கள். விசுவாசம் மாற ஒரு தலைமுறையும், நடுவே ஒரு பாலமும் வேண்டியிருந்தது.

எங்கள் பொங்கல் விழாவுக்கு வரும் அரசியல்வாதிகள், "உங்கள் ஆட்கள் யார் பக்கம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. முன்பு ஏதாவது சொல்லி வைப்பேன். சென்ற முறை, "ஆளுக்காள் கேளுங்கள்" என்றேன். முதல் வாக்கைப் போடக் காத்திருந்த மகள் பக்கத்தில் நின்றாள்.

முதியவரிடம் கடைசியாகக் கேட்டேன்: சகோதரர்கள் பிறகு பேசினார்களா? "இல்லை. சித்தப்பாவின் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அப்பாவும் ஒருவர்" என்றார், கோப்பைகளைக் கழுவிக்கொண்டே.