‘சேர்’ என்பதும் ‘டீச்சர்’ என்பதும்

கண்டி மாநகரில் ஒரு பாடசாலை வாயிலில் காலை வேளை சற்றே நின்று செவிமடுப்போமாயின், ஆண் ஆசிரியரைப் பிள்ளைகள் ‘சேர்’ என்றும், பெண் ஆசிரியரை ‘டீச்சர்’ என்றும் அழைப்பது கேட்கும். சிங்களப் பிள்ளைகள் வாயிலும் இவ்வழக்கே. இதிலோர் விந்தை உண்டு. ‘டீச்சர்’ ஆங்கிலத்தில் இருபாலார்க்கும் பொதுவான தொழிற்பெயர். இங்கோ பெண்பாற் சொல்லாகிவிட்டது. ‘சேர்’ என்பது பிரபுக்களுக்குரிய மரியாதைச் சொல். ஆடவர்க்கு மரியாதை, மகளிர்க்குத் தொழில் எனப் பங்கீடு நடந்திருக்கிறது!

இவை வருமுன் நம்மவர் வழங்கிய ‘வாத்தியார்’ என்னும் சொல் ‘உபாத்தியாயர்’ என்பதன் சிதைவு. இச்சொல்லுக்கும் கண்டிக்கும் பழந்தொடர்பு உண்டு. 1753 ஆம் ஆண்டில், நாயக்கர் மரபினனான கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், சீயத்திலிருந்து வந்த உபாலி தேரர் இந்நகரில் உபசம்பதைச் சடங்கை மீட்டளித்தார். அச்சடங்கை நடத்தும் குருவுக்குப் பாளி மொழியில் வழங்கும் பெயர் ‘உபச்சாய’ என்பது. அதுவும் அவ்வடசொல்லின் உருவமே.

பெண் கற்பித்தால் அவளை எவ்வாறு அழைப்பது? வடமொழி இலக்கணகாரர் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். தானே கற்பிப்பவள் ‘ஆசார்யா’. ஆசாரியனுடைய மனைவி ‘ஆசார்யாநீ’. இவ்விரண்டையும் மயக்கலாகாது என்பது அவர்கள் கருத்து. நம் ‘வாத்தியாரம்மா’வோ இரண்டிற்கும் இடங்கொடுக்கும் சொல். கணவன் பெயரால் வந்த மதிப்பா, தான் கற்ற கல்வியால் வந்த மதிப்பா என்பது அதில் விளங்குவதில்லை.

1879 ஆம் ஆண்டில் கண்டியில் மகளிர் உயர்நிலைப் பாடசாலை தோன்றியது. இத்தகைய மிஷன் பாடசாலைகளின் வழியே ‘மிஸ்’ என்பதும் பரவிற்று. மணமாகாதவரைக் குறித்த சொல் அது. இங்கிலாந்தில் மணமான பெண்டிரை ஆசிரியத் தொழிலினின்று விலக்கும் வழக்கத்தை 1944 ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்தது. இன்று பேரப்பிள்ளை கண்டவரும் வகுப்பில் ‘மிஸ்’தான்.

தமிழில் வழியில்லாமலில்லை. நன்னூல் ‘ஆசிரியன்’ என ஆண்பாலிலேயே நிறுத்தி இலக்கணம் கூறினும், ‘அர்’ விகுதி ஏற்ற ‘ஆசிரியர்’ இருபாலார்க்கும் உரியது. பின்னர் ‘ஆசிரியை’ என்று வேறு பிரித்தது நாமே. தமிழகத்தில் ‘தலைமையாசிரியை’ என்பர். இலங்கையிலோ ஆணாயினும் பெண்ணாயினும் ‘அதிபர்’ என்பதே பதவிப்பெயர். அறிவிப்புப் பலகையில் இவ்வாறு பொதுப்பெயர் தாங்கும் அம்மையாரை, முற்றத்தில் எதிர்ப்படும் பிள்ளை இன்னமும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடக் கேட்கலாம்.