முப்பது வருட வில்லங்கம் போதுமா?



வங்கி ஏல விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு, எடுக்கலாமா?" என்று நம் குடியிருப்பில் சிலர் கேட்கிறார்கள். அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1908-ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி, அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க 60 வருடம் வரை வழக்குப் போடலாம். 1963-இல் வந்த புதிய சட்டம் அதை 30 ஆகக் குறைத்தது. அதற்கு மேல் பின்னோக்கிப் பார்க்க அவசியமில்லை என்ற வழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, முப்பது என்பது அடமானத்துக்கான கணக்கு. வாரிசு உரிமைக்கான கணக்கு அல்ல.

வில்லங்கச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தாலும் அது வேறு புத்தகத்தில் ஏறும். வாய்மொழிப் பாகம் வராது. ஒருவர் இறந்த செய்தியும் வராது. பட்டாவோ வரி வசூலுக்காகப் பிறந்தது. அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது.

நான்கு வருடங்களுக்கு முன் என் மகனுக்காக ஏலத்தில் ஒரு வீடு பார்த்தேன். முப்பது வருட வில்லங்கத்தில் வங்கிக் கடனைத் தவிர ஒன்றுமில்லை. கடன்தாரரின் 1996 கிரயப் பத்திரத்தில், "1984 பாகப்பிரிவினைப்படி" என்று ஒரு வரி இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு அதன் நகலை வாங்கினேன். 1968-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வீட்டை வாங்கியவர், மனைவிக்குப் பின் 1981-இல் உயில் எழுதாமல் காலமானார். இரண்டு மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். சந்தேகப்பட்டு அந்தத் தெருவில் பழைய இஸ்திரிக்காரரிடம் விசாரித்தேன். "பெரிய அக்கா சிதம்பரத்துல இருக்காங்களே" என்றார்.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்படி இறந்த தகப்பனாரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அந்த அம்மாள் கையெழுத்து எதிலும் இல்லை. நான் விலகிக்கொண்டேன். வேறொருவர் எடுத்தார். அந்த அம்மாள் போட்ட பாக வழக்கில் அவரும் இப்போது பிரதிவாதி. யார் ஜெயிப்பார் என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் பணம் கட்டியவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடியே' என்றிருக்கும். 2002-ஆம் வருட சர்ஃபாசி விதிகளின்படி ஏலம் எடுத்ததும் 25 சதவீதம் கட்ட வேண்டும். விற்பனை உறுதியானதும் பாக்கிக்குப் பொதுவாக 15 நாள். அதனால் விசாரணை எல்லாம் ஏலத்துக்கு முன்பே முடிய வேண்டும். மூலப் பத்திரம் வரை போங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் சொத்து எப்படிக் கிடைத்தது என்ற பத்தியைப் படியுங்கள். இறப்பு வருகிற இடத்தில் நின்று, வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். கடைசியாக, சொத்து இருக்கும் தெருவில் நாலு பேரிடம் பேசுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வங்கியில் இருந்தபோது நானும் எத்தனையோ கடன் கோப்புகளில் முப்பது வருட வில்லங்கத்தைப் பார்த்து 'சரி' என்று டிக் அடித்தவன்தான். அந்தக் கோப்புகளில் எத்தனை அக்காக்கள் விட்டுப்போனார்களோ!