வள்ளுவரின் இரண்டு நாண்கள்

திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் நாணைத் தலைப்பிலேயே கொண்டவை. பொருட்பாலில் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. காமத்துப்பாலில் 114ஆம் அதிகாரம் நாணுத்துறவுரைத்தல். முன்னதில், நாணைக் காக்க உயிரையே விடுகிறார்கள். பின்னதில், உயிர் தாங்கமாட்டாமல் நாணையே விடுகிறான் ஒருவன். வள்ளுவர் தமக்குத் தாமே முரண்படுகிறாரா?

இல்லை என்பேன். நாணுடைமை பேசுவது செயலால் வரும் கூசலை. தகாததைச் செய்ய நினைக்கும்போதே உள்ளம் பின்வாங்குகிறதே, அது. அதற்குப் பார்வையாளர் தேவையில்லை. அதன் உச்சம் 1015ஆம் குறள்: தன் பழிக்கு நாணுவதைப் போலவே பிறருக்கு வரும் பழிக்கும் நாணுகிறவரை நாணின் உறைவிடம் என்கிறது உலகம். அடுத்தவன் பழிக்கு நாம் ஏன் குறுக வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைந்த காலத்தில் இந்தக் குறள் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது.

நாணுத்துறவில் நிலைமை வேறு. பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, காதலியின் படத்தை ஏந்தி நடுத்தெருவில் வருவது மடலேறுதல். அதற்குத் துணிந்தவன் இழப்பது ஊரார் கண்ணெதிரே நிற்கும் கூச்சத்தை. அவன் களவு செய்யவில்லை, யாரையும் வஞ்சிக்கவில்லை. ஆகவே அவனைப் பழிக்கும் சொல் ஒன்றுகூட அந்த அதிகாரத்தில் இல்லை. சிரிக்கிற ஊரைத்தான் அறிவில்லாதவர்கள் என்கிறது 1140ஆம் குறள்.

இன்னொன்றும் உண்டு. முன்பு என்னிடம் நாணும் நல்ல ஆண்மையும் இருந்தன என்று 1133இல் சொல்பவன் ஆண். நாணும் ஆண்மையும் அவனிடத்தில் அருகருகே இருந்திருக்கின்றன.

இன்றைய பேச்சில் நாணம் என்றால் மணப்பெண்ணின் தாழ்ந்த தலைதான் நினைவுக்கு வருகிறது. பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது ‘வெட்கங்கெட்டவன்’ என்ற வசைதான். நாணுடைமையின் முதல் குறளே, செயலுக்கு நாணுவதுதான் நாண், அழகிய பெண்களின் நாணம் வேறு வகை என்று பிரித்துவிடுகிறது. நாணத்தைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடமாகச் சொல்லும் ஆசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் அந்த 1011ஆம் குறளை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். பிறகு அதை ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்.