மலைநாடும் மற்போர்ப் பிடிகளும்

இலங்கை மலைநாட்டின் பழைய போர்க்கலை அங்கம்பொர. வெறுங்கையால் பொருதுவது அங்கம். வாள், ஈட்டி முதலிய ஆயுதங்களோடு பொருதுவது இலங்கம். அடி, உதையுடன் எதிராளியை மடக்கிப் பூட்டும் பிடிகளும் அங்கத்தில் உண்டு.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. அவர்களுக்கு எதிரான 1817-18 ஊவா கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் இக்கலை தடைசெய்யப்பட்டது என்பது பயில்வோரின் வழிவழிச் செய்தி. சில குடும்பங்கள் அதை மறைவில் பேணிக் காத்தன. அந்தப் பொறுமைக்கு இலங்கையின் கலை வரலாறு பெரிதும் கடன்பட்டது.

பின்னர் காப்பித் தோட்டங்களும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைத் தோட்டமும் மலைகளை மாற்றின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வழியாகச் சிலம்பம் இங்கு வேரூன்றியது.

அங்கத்தைப் போலவே பூட்டுப் பிடிகள் கொண்ட மற்போர்க் கலை ஜியு-ஜிட்சு; அதன் இன்றைய தலை-கை நெரிப்புக்கு மூலம் ஜப்பான். கானோ ஜிகோரோ 1882இல் நிறுவிய கோடோகன் ஜூடோவில் அது ‘கதா கதாமே’ எனப்படும் அமுக்குப் பிடி. ஜூடோ வீரர் மயேதா மித்சுயோ 1914இல் பிரேசில் சென்று ஜூடோவைப் பரப்பினார்; அங்கே பிரேசிலிய ஜியு-ஜிட்சு வளர்ந்தது. இந்தப் பிடியில் எதிராளியின் தோளே அவர் கழுத்தின் ஒரு பக்கத்தையும், பிடிப்பவரின் கை மறுபக்கத்தையும் அழுத்துகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுகிறது. சில நொடிகளில் மயக்கம் வரும். ஆகவே, எதிராளி தோல்வியை ஏற்றுக் கையால் தட்டியதும் உடனே விடுவதே பயிற்சியின் முதல் பாடம்.