நாட்டுக்குள் நாடு

நேயர்களே, ரப்பர்க் காட்டில் எல்லைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் நமது தோட்டம், அந்தப் பக்கம் அடுத்த தோட்டம். நமது தோட்டத்தின் நடுவே பத்து நிரை மரங்கள் அடுத்த தோட்டத்துக்குச் சொந்தமென்றால் என்ன செய்வோம்? அந்தப் பத்து நிரைக்குள்ளே இரண்டு மரம் மட்டும் நம்முடையதென்றால்? சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் இந்தியாவும் வங்காளதேசமும் சந்திக்கும் இடத்தில் ஐம்பதாயிரம் மக்கள் இப்படிப்பட்ட நிலத்தில்தான் வாழ்ந்தார்கள்.

இமயமலைக்குத் தெற்கே கூச் பிகார் என்றொரு சமஸ்தானம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் மகாராஜாவுக்கும் முகலாயருக்கும் போர் நடந்தது; 1713ஆம் ஆண்டளவில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் பிடித்து வைத்திருந்த சிற்றூர்கள் அப்படியே நின்றுவிட்டன. மகாராஜாவும் ரங்பூர் அதிகாரியும் சதுரங்கம் ஆடி, கிராமங்களைப் பந்தயம் வைத்துத் தோற்றார்கள் என்று ஊரார் கதை சொல்வார்கள். கதை சுவையானது, வரலாறு அதை ஏற்கவில்லை.

வெள்ளையர் ஆட்சியில் இது பெருந்தொல்லையாக இல்லை. 1947இல் பிரிவினை வந்தது. ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கூச் பிகார் 1949இல் இந்தியாவோடு சேர்ந்தது. பழைய வரிக்கோடு ஒரே நாளில் நாட்டெல்லையாக மாறியது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்காளதேசமானபோதும் சிக்கல் அவிழவில்லை. வங்காளதேசத்துக்குள் இந்தியாவின் திட்டுகள் 111. இந்தியாவுக்குள் வங்காளதேசத்தின் திட்டுகள் 51. தஹாலா காக்ராபாரி என்ற சணல் வயல் ஏழாயிரம் சதுர மீட்டர்தான். அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்காளதேசம், அதைச் சுற்றி இந்தியா, அதைச் சுற்றி மீண்டும் வங்காளதேசம்!

வரைபடத்தில் இது வேடிக்கை. அங்கே வாழ்ந்தவர்களுக்கு? மின்கம்பி தலைக்கு மேலே போகும், வீட்டில் விளக்கு எரியாது. திருட்டு நடந்தால் போலீஸ் வராது. சொந்த நாட்டுக்குப் போக வேண்டுமானால் அந்நிய மண்ணைக் கடக்க வேண்டும். அதற்குச் சீட்டு வாங்கவும் முதலில் அதே மண்ணைத்தான் கடக்க வேண்டும். பிடிபட்டால் சிறை.

பள்ளிக்கூடத்து ஆட்களாகிய நமக்கு மனத்தைத் தைப்பது வேறொன்று. பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்க்க, அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று பதிவேட்டில் எழுதினார்கள். பெற்ற தகப்பன் உயிரோடு நிற்க, பிள்ளை வேறொருவர் பெயரோடு தேர்வு எழுதியது. சிவப்பு அடையாள அட்டையோடு ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். அந்த மக்களிடம் அந்தச் சிவப்பு அட்டைகூட இல்லை.

1974ஆம் ஆண்டு மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் திட்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். வங்காளதேசம் அந்த ஆண்டே அதை ஏற்றது. இந்தியாவில் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். மாற்றினால் இந்தியாவுக்குச் சுமார் பத்தாயிரம் ஏக்கர் குறையும் என்று எதிர்ப்பும் எழுந்தது. ஏக்கரை எண்ணியவர்கள் பலர். தலைகளை எண்ண 2011 வரை ஆயிற்று. அப்போது கணக்கெடுத்ததில் 51,549 பேர்.

நூறாவது திருத்தம் 2015 மே மாதம் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் நிலம் கைமாறியது. கழிந்துபோன 68 ஆண்டுகளுக்காக 68 மெழுகுவத்திகள் ஏற்றினார்கள். விரும்பிய நாட்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. பெரும்பாலோர் ஊரைவிட்டு நகரவில்லை. நாடுதான் அவர்களைத் தேடி வந்தது. ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வங்காளதேசத்திலிருந்து இந்தியா வந்தார்கள். தின்ஹாட்டா, ஹல்திபாரி, மேக்லிகஞ்ச் ஆகிய இடங்களில் தகரக் கொட்டகைகள் அவர்களுக்காகக் காத்திருந்தன. குடியுரிமை வந்தது, விட்டுவந்த வயல் வரவில்லை. கொட்டகையில் ஆண்டுகள் ஓடின.

ஒரு திட்டு மட்டும் இன்னும் மாறவில்லை. தஹாகிராம்-அங்கார்போத்தா வங்காளதேசத்துடையது, இந்தியாவால் சூழப்பட்டது. அதைத் தாய்நாட்டோடு இணைப்பது தீன் பீகா என்ற குறுகிய பாதை. 1992இல் அதைத் திறந்தபோது பகலில் மட்டுமே போக்குவரத்து. இரவில் நோய் கண்டவர் விடியும்வரை வாயிலில் காத்திருக்க வேண்டும். 2011 முதல் அந்த வாயில் இரவும் பகலும் திறந்திருக்கிறது.